பதினான்காம் ஷரத்து

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
ஓட்டு எனக்குக் கிடையாது.

சோஹாரில் மே மாதம். இரவு ஏழுக்கும்
ஜன்னல் கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை.
நூலக மேசையைச் சுற்றி எட்டுப் பேர்,
நடுவில் வெள்ளித்தாள் போர்த்திய
மூன்று மாதிரித் தட்டுகள்.

பள்ளியே சமைத்தால் தட்டுக்கு நானூற்றுப் பதினைந்து பைசா.
வெளியே கொடுத்தால் முந்நூற்று எண்பது.
முப்பத்தைந்து பைசா மிச்சம்,
அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், நூற்றுத் தொண்ணூறு நாள்.
பொருளாளர் ஜக்கரியா பெருக்கி முடிக்கும் முன்
எழுதிவிட்டேன்:
நாலாயிரத்து அறுபத்தொன்பது ரியால் எண்ணூறு.

போதாக்குறைக்கு பலதியா நோட்டீஸ்.
புகைபோக்கியை மாற்று, எண்ணெய்த் தொட்டியைத் தோண்டு,
இல்லையென்றால் ஆகஸ்டில் பூட்டு.

டாக்டர் நிலோஃபர் வெள்ளித்தாளை விலக்கினார்.
எனக்கும் ஒரு கரண்டி சாம்பார் வந்தது.
நாக்கு அடையாளம் கண்டுகொண்டது.
துறைமுக கேம்ப்பில் என் வீட்டுக்காரர்
ஆறு வருஷம் தின்ற சாம்பார்.
வெள்ளிக்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்று
வாயில் வைத்துச் சொல்ல முடியாது என்பார்.
ஒருநாளும் அது கெட்டுப்போனதில்லை,
அதையும் சொல்ல வேண்டும்.
போன வருஷம் முட்டைக்குழம்பில்
நாற்பது பிள்ளைகள் வாந்தி எடுத்தது
நம் அடுப்படியில்தான்.

"மாஸ்டரைக் கூப்பிடுங்க" என்றார் தலைவர் குரியச்சன்.
கெஞ்சப் போகிறார் என்று
எட்டுப் பேரும் முகத்தைத் தயார் செய்துகொண்டார்கள்.
ஒருவர் தண்ணீர் பாட்டிலைக்கூட நகர்த்தி வைத்தார்.

சூசைமிக்கேல், வேம்பாற்றுக்காரர்,
ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்தபடி நின்றார்.
"வெளிய குடுத்துருங்க சார்."

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.

"அந்த அடுப்படியில இனி ஆகாது.
நானும் தில்பகதூரும் குனிஞ்சு கிண்டுனா
உப்பு போடாமலே குழம்பு உப்பாயிரும்.
பதினோரு வருஷக் கணக்க ஜூனுக்குள்ள தீத்துவிடுங்க.
வேற எடத்துக்குப் போக லெட்டர் குடுங்க.
அவனுக்கும்."

கதவுவரை போனவர் திரும்பினார்.
அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"ஒண்ணு எழுதிக்கோங்கம்மா.
சோறு பதினொண்ணே காலுக்கு முன்ன வரக் கூடாது.
பன்னெண்டுக்குத்தான் பிள்ளைக உக்காரும்.
பத்து மணிக்கே மூடிக் கொண்டாந்தா சோறு வேர்த்துரும்.
வேர்த்த சோத்த யூகேஜி தொடாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.
ஒப்பந்தம் இங்கிலீஷில்.
சோறு வேர்ப்பதற்கு அதில் வார்த்தை தேடி
இரண்டு இரவு போனது.
ஈரப்பதம் என்று போடுங்கள் என்றார் ஜக்கரியா.
ஈரப்பதத்தை எந்தக் குழந்தை தட்டோடு ஒதுக்கும்?
கடைசியில் நேரத்தை மட்டும் எழுதினேன்.
ஷரத்து பதினான்கு. மீறினால் நாளொன்றுக்குப் பத்து ரியால்.

சூசைமிக்கேல் இப்போது நிஸ்வாவில்
ஏதோ ஹோட்டலில் பரோட்டா போடுகிறாராம்.
தில்பகதூரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர், முதல் நாள்.
வேன் பத்தே முக்காலுக்கே வந்து நின்றது.
மூடியைத் தூக்கினேன்.
இந்த ஊர் வருஷத்தில் இரண்டு நாள் பார்க்கும் மழை
மூடியின் உட்புறம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.
அபராதச் சீட்டை எடுத்து
தேதி போட்டேன், வண்டி எண் போட்டேன்.

கையெழுத்துப் போட வந்தவன் மொய்னுல்.
விடியற்காலை மூன்றுக்கு எழுந்த கண்.
இன்னும் நாலு பள்ளிக்கூடம் போக வேண்டும்,
வரிசையில் நாம்தான் முதல், அதனால்தான் என்றான்.
பிறகு சீட்டை விரலால் தொட்டு, மெதுவாக, இந்தியில்:
"இதை என் சம்பளத்துல பிடிப்பாங்களா மேடம்?"

அதற்கு நான் ஷரத்து எழுதியிருக்கவில்லை.
நேரம் என்ற கட்டத்தின் மேல்
பேனா அப்படியே நின்றது.
உள்ளே குழாய்கள் திறக்கும் சத்தம்,
யூகேஜி கை கழுவப் பழகிக்கொண்டிருந்தது.